கம்பிகளுக்குள் ஒரு வரலாற்றுப் பாடம்



"சிறையில் இருப்பவனுக்கு வரலாறு எதற்கு? ஒரு கைத்தொழிலைக் கற்றுக்கொடுத்தால் போதாதா?" என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். தொழில் அவசியம் வேண்டும். ஆனால், "அண்ணன் சொன்னார், நான் செய்தேன்" என்று கும்பலின் பின்னால் போய்ச் சிறைக்கு வந்த இளைஞனுக்குத் தொழில் மட்டும் போதுமா? வெளியே வந்ததும் அதே அண்ணன் வாசலில் காத்திருப்பாரே!

போலந்து நாட்டில் ஆஷ்விட்ஸ் என்னும் இடத்தில் ஹிட்லரின் நாஜிகள் வதை முகாம் நடத்தினர். அங்கே கொண்டு செல்லப்பட்ட சுமார் 13 லட்சம் பேரில் 11 லட்சம் பேர் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் யூதர்கள். 1947-இல் அந்த இடம் அருங்காட்சியகமானது. அந்த அருங்காட்சியகம் போலந்துச் சிறைத்துறையுடன் சேர்ந்து கைதிகளுக்கும் பாடம் நடத்தியிருக்கிறது. இங்கிலாந்தில், முகாமில் உயிர்விட்ட ஆன் ஃபிராங்க் என்ற சிறுமியைப் பற்றிய கண்காட்சி சிறைகளுக்குள்ளேயே வைக்கப்பட்டது. பயிற்சி பெற்ற கைதிகளே அதனைச் சக கைதிகளுக்கு விளக்கினார்கள்.

இத்தகைய பட்டறையில் நீண்ட சொற்பொழிவு கிடையாது. ஒரு பழைய படத்தையோ, கடிதத்தையோ, பெயர்ப்பட்டியலையோ சிறு குழுவின் முன் வைப்பார்கள். இவர் யார், இவருக்கு என்ன நேர்ந்தது, அருகில் நின்றவர் என்ன செய்தார் என்று குழுவினரே பேச வேண்டும்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. "நானும் அவர்களைப் போலத்தானே அடைபட்டிருக்கிறேன்" என்று கைதி எண்ணிவிடலாம். அது சரியல்ல. சிறைக்கு வழக்கு உண்டு, தீர்ப்பு உண்டு, மேல்முறையீடு உண்டு. முகாமில் அடைபட்ட யூதர்கள் எந்தக் குற்றமும் செய்யவில்லை. பிறப்பே அவர்கள் குற்றமாயிற்று.

இன்னொரு செய்தியைக் கேளுங்கள். 1940 மே மாதம் ஆஷ்விட்ஸுக்கு முதன்முதலாகக் கொண்டுவரப்பட்டவர்கள் 30 பேர். ஜெர்மானியக் குற்றவாளிக் கைதிகள். 1 முதல் 30 வரை எண்கள் அவர்களுக்கே. மற்றக் கைதிகளை மேய்க்கும் அதிகாரத்தை நாஜிகள் அவர்களிடம் கொடுத்தார்கள். கைதியின் கையிலேயே தடி! அதை வாங்கியவர்களில் பலர் கொடுமை செய்தார்கள். அந்த இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன்? கைதியின் மனத்தைத் தைக்கும் கேள்வி இதுதான்.

இந்தக் கேள்வியைத் தேடி நாம் போலந்துக்குப் போக வேண்டியதில்லை. கோல சிலாங்கூரிலிருந்து ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை, சபாக் பெர்ணம் வரையுள்ள தோட்டப்புற மக்களுக்கு "சயாம் ரயில்" என்ற சொல்லே போதும்.

1942, 43-ஆம் ஆண்டுகளில் சயாமின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் தண்டவாளத்தை ஜப்பானியர் போட்டார்கள். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம் என்று ஆசை காட்டினார்கள். பிறகு பலவந்தமாகவும் பிடித்துச் சென்றார்கள். மலாயாவிலிருந்து போன 70,000-க்கும் அதிகமானோரில் பெரும்பாலோர் பால்மரம் வெட்டிய நம் தமிழர்கள். காலராவும் மலேரியாவும் பசியும் அவர்களை வாரிக்கொண்டு போயின. போர்க்கைதிகளில் 12,000-க்கு மேற்பட்டோர் இறந்தனர். ஆசியத் தொழிலாளர்களில் ஏறக்குறைய 90,000 பேர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். போர்க்கைதிகளோடு அவர்களின் சொந்த மருத்துவர்களும் அதிகாரிகளும் இருந்தனர். நம்மவர்களுக்கு அப்படிப்பட்ட துணை இல்லை.

ஜப்பானியர் ஆள் கேட்டபோது பெயர் எழுதிக் கொடுக்கும் வேலை தோட்டத்துக் கிராணி, கங்காணிகள் தலையில் விழுந்தது. யார் பெயரை எழுதுவது? யார் பெயரை விடுவது? மறுத்தால் தன் கதி என்ன? அங்கேயும் அதே கேள்விதான்!

காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கு ஏறக்குறைய 7,000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. நம்மவர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறை இல்லை. 1990-இல் அங்கே ஒரு கரும்புத் தோட்டத்தில் நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் கிடைத்தன. தமிழர்களுக்கு அங்கே நடுகல் எழுந்தது 2023-இல்தான்.

இந்த வரலாற்றைச் சுங்கை பூலோ, காஜாங் சிறைகளுக்குக் கொண்டுபோனால் என்ன? புக்கிட் மெலாவத்தியில் மாவட்ட வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவல் இருக்கிறது. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். தாத்தாவைச் சயாமுக்குப் பறிகொடுத்த குடும்பங்கள் இருக்கின்றன. நான்கைந்து படங்களும், ஒரு தோட்டத்தின் கதையும், சுற்றி அமர்ந்து பேச ஒரு மேசையும் போதும்.

அப்படி அமரும் இளைஞன் இரண்டைத் தெரிந்துகொள்வான். தன் வேரில் எவ்வளவு பெரிய துயரம் இருக்கிறது என்பது ஒன்று. நீட்டிய தடியை வாங்குவதா, மறுப்பதா என்பதைத் தானே முடிவு செய்ய வேண்டும் என்பது மற்றொன்று.

வாசலில் காத்திருக்கும் அந்த அண்ணனுக்கு அவன் சொல்லும் பதிலில்தான் இந்தப் பாடத்தின் பலன் தெரியும்.