"என்ன குழந்தை, டாக்டர்?"

பிரசவ அறைக் கதவு திறந்ததும் வெளியே நிற்பவர்கள் கேட்பது இதைத்தான். இருபத்தாறு வருஷத்தில் பதில் சொல்ல நான் திணறியது ஒரே ஒரு ராத்திரி. குழந்தையைத் துடைத்துக்கொண்டிருந்த சிஸ்டர் சட்டென்று என் முகத்தைப் பார்த்தார். ஆண் என்றும் சொல்ல முடியவில்லை, பெண் என்றும் சொல்ல முடியவில்லை.

"எங்க வம்சத்துல இப்படி யாரும் இல்லையே, இவ என்னத்தத் தின்னு தொலைச்சாளோ" என்று பாட்டி மருமகள் மேல் பாய்ந்தார். அவரை உட்காரவைத்துச் சொன்னேன்: "அம்மா, ஆறு வாரம் வரைக்கும் வயித்துக்குள்ள எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரிதான்."

அந்த வயதுக் கருவில் இரண்டு ஜோடிக் குழாய்கள் இருக்கும்: வுல்ஃபியன், முல்லரியன். ஒய் குரோமோசோமில் எஸ்ஆர்ஒய் என்றொரு மரபணு, 1990இல்தான் கண்டுபிடித்தார்கள். ஏழாவது வாரவாக்கில் அது வேலை செய்தால் விரை உருவாகும். விரையில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் வுல்ஃபியன் குழாயைக் காப்பாற்றி விந்துக்குழாய் ஆக்கும். இன்னொரு ஹார்மோன் முல்லரியன் குழாயைக் கரைத்துவிடும். இரண்டும் வராவிட்டால் முல்லரியன் குழாய் கருப்பையாக வளரும்.

ஹார்மோன்களின் இந்த வேலையை 1940களில் காட்டியவர் பிரான்சின் ஆல்ஃபிரட் ஜோஸ்ட். தாய்முயலின் வயிற்றுக்குள் இருந்த ஆண் குட்டிகளின் விரையை அகற்றினார். அவை பெண்ணுடலோடு வளர்ந்தன. டெஸ்டோஸ்டிரோனை மட்டும் கொடுத்துப் பார்த்தார்; ஆண் குழாய் தங்கியது, ஆனால் பெண் குழாயும் போகவில்லை. அப்படியானால் இரண்டாவது ஹார்மோன் ஒன்று இருந்தாக வேண்டும் என்று கண்டுகொண்டார்.

வெளியுறுப்பும் அப்படித்தான். பெண்ணில் பிரிந்தே நிற்கும் இரண்டு மடிப்புகள், ஆணில் ஒட்டி விரைப்பை ஆகின்றன. அதன் நடுவே தையல் போட்டதுபோல் ஓடும் கோடு, அந்த ஒட்டின் தடம்.

அந்த ராத்திரி பிறந்த குழந்தைக்குக் குரோமோசோம் எக்ஸ்எக்ஸ். ஸ்கேனில் கருப்பை தெரிந்தது. கார்டிசால் தயாரிக்கத் தேவையான ஒரு என்சைம் குறைந்ததால், அட்ரீனல் சுரப்பி ஆண் ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரந்திருந்தது. இந்தக் குறை வர, பழுதான மரபணு தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வர வேண்டும். "உங்க மகன் பங்கும் பாதி இருக்கும்மா" என்றேன். பாட்டி அதற்கப்புறம் பேசவில்லை.

உறுப்பின் தோற்றத்தால் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் இந்தக் குறையில் பெரும்பாலும் உடம்பு உப்பை இழக்கும். கவனிக்காவிட்டால் சில வாரங்களிலேயே உயிர் போகலாம். மாத்திரையும் உப்பும் கொடுத்தால் பிழைக்கும். இப்படிப் பிறக்கும் பச்சிளங்குழந்தைகளுக்கு அவசரப்பட்டுப் பாலினம் 'சரிசெய்யும்' அறுவை சிகிச்சை செய்வதற்கு, உயர் நீதிமன்றத் தீர்ப்பையடுத்து 2019இல் தமிழக அரசு தடை விதித்தது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விலக்கு.

ஆகவே "டெஸ்ட் பார்த்துச் சொல்கிறோம்" என்று டாக்டர் சொன்னால் பொறுத்திருங்கள். குழந்தை விடாமல் வாந்தி எடுத்தாலோ, பால் குடிக்காமல் துவண்டாலோ, ஒரு மணி நேரம்கூடப் பொறுக்காதீர்கள். தூக்கிக்கொண்டு ஓடி வாருங்கள்.