பெடலில் பூட்டும் முன் கழற்றப் பழகுங்கள்!

ஞாயிறு அதிகாலையில் கிழக்கு கடற்கரைச் சாலைப் பக்கம் போனால் ஹெல்மெட், கூலிங் கிளாஸ் சகிதம் வரிசையாகப் பறக்கும் சைக்கிள்களைப் பார்க்கலாம். சிக்னலில் அவர்கள் நிற்கும்போது காலடியில் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். பெடலிலிருந்து ஷூ விடுபடும் சத்தம் அது. ஷூவின் அடியில் திருகிய ‘கிளீட்’ என்ற சிறு துண்டு, பெடலில் உள்ள ஸ்பிரிங் பூட்டில் போய் மாட்டிக்கொள்ளும். இதன் பெயர் கிளிப்லெஸ் பெடல்.

பூட்டிக்கொள்கிற பெடலுக்கு ‘கிளிப் இல்லாதது’ என்று பெயரா? காரணம் இருக்கிறது. அந்தக் கால பந்தய வீரர்கள் பெடலில் ஒரு கூண்டு மாட்டி, வாரால் பாதத்தை இறுக்கிக் கட்டிக்கொள்வார்கள். அந்தக் கூண்டுதான் ‘டோ கிளிப்’. பனிச்சறுக்குப் பலகையோடு பூட்ஸைப் பிணைக்கும் பூட்டுகளைத் தயாரித்த பிரான்ஸின் லுக் நிறுவனம், அதே நுட்பத்தை 1984-ல் சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. மறு ஆண்டே அந்தப் பெடலுடன் பெர்னார் இனோ டூர் டி பிரான்ஸ் போட்டியை வென்றார். கூண்டு போனது, ‘கிளிப்லெஸ்’ என்ற பெயர் நின்றது.

என்ன லாபம்?

‘காலை மேலே இழுத்தும் மிதிக்கலாம், சக்தி இரண்டு மடங்கு’ என்று சிலர் சொல்வார்கள். அது மிகை. சைக்கிளை ஓட்டுவது பெரும்பாலும் கீழ்நோக்கிய அழுத்தம்தான். உண்மையான லாபம் வேறு: மழையிலும் குண்டும் குழியுமான சாலையிலும் கால் வழுக்காது. ஷூவின் விறைப்பான அடிப்பாகம் அழுத்தத்தைப் பாதம் முழுக்கப் பரப்புவதால், நீண்ட தூரப் பயணத்தில் உள்ளங்கால் எரிச்சல் குறையும். காய்கறி வாங்கவும், பிள்ளையை டியூஷனில் விடவும் சைக்கிள் எடுப்பவருக்கு இது தேவையே இல்லை.

எதை வாங்குவது?

மூன்று திருகு வகை, பந்தயத்துக்கானது. கிளீட் வெளியே துருத்தி நிற்கும். டைல்ஸ் தரையில் நடந்தால் வழுக்கும். ஷிமானோ 1990-ல் கொண்டுவந்த எஸ்.பி.டி. போன்ற இரண்டு திருகு வகையில் கிளீட் பெரும்பாலும் ஷூவுக்குள் பதுங்கியிருக்கும். வழியில் இறங்கி டீக்கடைக்கு நடக்கிற நமக்கு இதுவே வசதி. புதியவர்கள் எஸ்.எச்.56 கிளீட்டைக் கேட்டு வாங்கலாம். வழக்கமான எஸ்.எச்.51 குதிகாலைப் பக்கவாட்டில் திருப்பினால்தான் விடும். 56 வேறு திசைகளில் வேகமாக இழுத்தாலும் விடும்.

வீட்டிலேயே மாற்றுபவர்கள் கவனிக்க: இடது பெடலின் மரை தலைகீழ். கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும்.

விழாமல் இருக்க...

இதில் ஆட்கள் விழுவது வேகத்தில் அல்ல; நிற்கும்போது! பிரேக் பிடித்த பிறகுதான் கால் பூட்டியிருப்பது நினைவுக்கு வரும். அதற்குள் சைக்கிள் சாய்ந்திருக்கும்.

* பெடலில் உள்ள சிறு திருகை ஆலன் கீயால் தளர்த்தி, பூட்டின் இறுக்கத்தைக் குறைந்தபட்சத்தில் வையுங்கள்.

* சுவரைப் பிடித்தபடி சைக்கிளில் அமர்ந்து, குதிகாலை வெளிப்பக்கம் திருப்பிக் கழற்றுங்கள். யோசிக்காமலே கால் கழலும் வரை ஐம்பது, நூறு முறை செய்யுங்கள். அடுத்து காலி மைதானம். சாலை கடைசியில்தான்.

* எப்போதும் இடது காலை முதலில் கழற்றி, இடப்பக்கமே சாயுங்கள். நம் ஊரில் வாகனங்கள் கடந்து போவது வலப்பக்கம். வலதுபுறம் சாய்ந்தால் பின்னால் வரும் பஸ்ஸின் பாதையில் விழ நேரிடும். வெளிநாட்டு வீடியோக்களில் வலது காலை ஊன்றச் சொன்னால், அது சாலையின் வலப்பக்கம் ஓட்டும் நாடு.

* வேகத்தடை, சிக்னல், மாடு... எது தெரிந்தாலும் முன்கூட்டியே கழற்றிவிடுங்கள். சென்னை நெரிசலில் ஒரு காலை விடுவித்தே ஓட்டினாலும் தப்பில்லை.

முழங்கால் பத்திரம்

கிளீட் கோணலாக இருந்தால் ஒவ்வொரு மிதியிலும் முழங்கால் முறுக்கப்படும். ஒரு மணி நேரத்தில் ஐயாயிரம் தடவைக்கு மேல்! கட்டைவிரலுக்குப் பின்னால் பாதம் அகன்றிருக்கும் இடத்துக்கு நேர் கீழே, அல்லது சற்றே பின்னால், கிளீட்டைப் பொருத்துங்கள். நீங்கள் இயல்பாக நடக்கும்போது பாதம் எப்படித் திரும்பியிருக்கிறதோ, அதே கோணம் இருக்கட்டும். முதல் வாரம் குறைந்த தூரமே ஓட்டுங்கள். வலி வந்தால் பொறுத்துக்கொண்டு மிதிக்காதீர்கள். கிளீட்டைச் சிறிது நகர்த்திப் பாருங்கள். அப்படியும் குறையாவிட்டால் பழைய பெடலை மாட்டிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.