வெட்ட வரலாம், விசாரிக்க வரக் கூடாதா?

2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவிகளை நிறுத்தியது. ஜூலையில் அவற்றை வழங்கிவந்த யுஎஸ்எய்ட் அமைப்பே மூடப்பட்டது. 2023-ல் 30-க்கு மேற்பட்ட நாடுகளில் சுமார் 6,200 செய்தியாளர்களுக்கு அதன் உதவி கிடைத்தது என்கிறது எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பு. ஏற்காட்டைப் பற்றி எழுதும் நிருபருக்கு இதில் நேரடி இழப்பு ஏதுமில்லை. பதிவுபெற்ற பத்திரிகையின் செய்தியாளரோ ஆசிரியரோ வெளிநாட்டு நன்கொடை வாங்க 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டமே அனுமதிப்பதில்லை. அடி விழுவது வேறு இடத்தில்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட் மேட்டூர் மால்கோ அலுமினிய ஆலைக்குப் போனது. பொதுநல வழக்கையடுத்து 2008 இறுதியில் கொல்லிமலைச் சுரங்கம் நின்றது. அதற்கு முந்தைய ஆண்டே, மேட்டூரில் கொட்டிய ஆலைக் கழிவான செஞ்சேறு உள்ளிட்டவற்றை ஆராய்ந்து, மால்கோவின் தாய் நிறுவனமான வேதாந்தாவிலிருந்து நார்வே அரசு ஓய்வூதிய நிதியம் வெளியேறியது. இப்படியொரு செய்திக்கு ஆதாரம் திரட்டுவது லேசில்லை. தகவல் உரிமை மனுவுக்குப் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், நகலுக்குப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய். அதோடு முடிந்தால் பரவாயில்லை. முப்பது நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு, தண்ணீர் மாதிரிக்கு ஆய்வகம், அறிக்கையைப் படித்துச் சொல்ல நிபுணர், நோட்டீஸ் வந்தால் வக்கீல். செய்திக்கு இவ்வளவு என்று வாங்கும் தாலுகா நிருபரால் எதைத் தாங்க முடியும்? இந்தச் செலவில் ஒரு பகுதியைத் தொண்டு நிறுவனங்கள் சுமந்தன. 2015-ல் வெளிநாட்டு நிதி வாங்க கிரீன்பீஸ் இந்தியா பெற்றிருந்த பதிவு ரத்தானது. அதே சட்டத்தின் 2020 திருத்தம், பெரிய அமைப்பு வாங்கும் வெளிநாட்டு நிதியைச் சிறிய அமைப்புக்குப் பகிர்வதைத் தடுத்தது. வாஷிங்டன் கையை விரிக்குமுன்பே டெல்லி வழியை அடைத்துவிட்டது.

வெளிநாட்டுப் பணம் வாங்கினால் அவர்கள் பாட்டைத்தானே பாட வேண்டும் என்பார்கள். கொஞ்சம் உண்மைதான்: புலிக்கும் கார்பனுக்கும் காட்டும் அக்கறையை நன்கொடையாளர்கள் ஊர்க் கல்குவாரிக்குக் காட்டுவதில்லை. ஆனால் தண்ணீரின் காரத்தன்மை, சோதனைக்குப் பணம் கொடுத்தவரைப் பார்த்து மாறாது. சந்தேகப்படுபவர் மறுபடி சோதிக்கலாம். தவிர, வேதாந்தாவே 2018 வரை லண்டன் பங்குச்சந்தையில் இருந்த வெளிநாட்டு நிறுவனம்தான். அதன் குழும நிறுவனங்களிடம் காங்கிரசும் பாஜகவும் நன்கொடை பெற்றது சட்டமீறல் என்று 2014-ல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. 2016, 2018 திருத்தங்கள் 1976 வரை பின்னோக்கிப் போய் அதைச் சரியாக்கிவிட்டன. கட்சிக்குத் தளர்ந்த சட்டம் ஆய்வுக்கு இறுகுகிறது. உள்ளூர்ப் பணம் போதாதா என்றால், இந்தியக் கொடையாளர்களின் ஊடக அறக்கட்டளை ஒன்றிலும் 2022-ல் வருமான வரித்துறை நுழைந்தது. 2025-ல் இன்னொரு நிபந்தனை வந்திருக்கிறது: பதிப்புப் பணி செய்யும் தொண்டு நிறுவனம் வெளிநாட்டு நிதி கேட்டால், தன் வெளியீட்டில் செய்தி எதுவும் இல்லை என்று பத்திரிகைப் பதிவாளரிடம் சான்று வாங்கி வர வேண்டும்.