கல்யாண ஆர்டரும் கைகாட்டியவர் கமிஷனும்

தமிழ்நாட்டில் தனியாகத் தொழில் செய்யும் திருமண ஒளிப்படக்காரருக்கு வரும் ஆர்டர்களில் பல, நேராக வருபவை அல்ல. மண்டப மேனேஜர், அலங்காரக்காரர், சமையல் காண்ட்ராக்டர், மேக்கப் கலைஞர், சக ஒளிப்படக்காரர் என யாரோ ஒருவர் கைகாட்டி விட்டிருப்பார். வேலை கிடைத்தவர், தன் கட்டணத்தில் ஒரு பங்கை அவருக்குக் கொடுப்பதுதான் பரிந்துரைக் கமிஷன்.

இந்த வழக்கம் வளர்ந்ததற்கு முகூர்த்த நாள்கள் ஒரு முக்கியக் காரணம். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் வைப்பதில்லை. புரட்டாசியையும் பலர் தவிர்க்கிறார்கள். மற்ற மாதங்களிலும் வளர்பிறை முகூர்த்தங்களுக்குத்தான் போட்டி. அதனால் ஒரே தேதிக்கு மூன்று குடும்பங்கள் ஒருவரையே கேட்டு வருவதும், அடுத்த இரண்டு வாரம் அவருடைய கேமரா பையிலேயே கிடப்பதும் இத்தொழிலில் சகஜம். தன்னால் போக முடியாத ஆர்டரை நம்பிக்கையான இன்னொருவருக்குத் தள்ளிவிடுவது இரு தரப்புக்கும் நல்லதுதான்.

இதில் இரண்டு வகை உண்டு. போன் நம்பரைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது ஒன்று. அதன்பின் பேச்சும் பொறுப்பும் குடும்பத்துக்கும் படம் எடுப்பவருக்கும் இடையில்தான். மற்றொன்று, அட்வான்ஸைத் தானே வாங்கிக்கொண்டு இன்னொருவரை நாள் சம்பளத்துக்கு அனுப்புவது. இங்கே அட்வான்ஸ் வாங்கியவருக்குக் கிடைப்பது கமிஷன் அல்ல, லாபம். ஆல்பம் தாமதமானால் குடும்பத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. லாபத்தைத் தான் வைத்துக்கொண்டு பொறுப்பை மட்டும் மற்றவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. பெரும் மனக்கசப்புகள் இந்த இடத்தில்தான் முளைக்கின்றன.

எவ்வளவு என்பதைவிட எதன்மேல் கணக்கு என்பதே முக்கியம். 1,00,000 ரூபாய் ஆர்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வீடியோ எடுப்பவர், இரண்டாவது கேமராக்காரர், லைட் பிடிக்கும் உதவியாளர் ஆகியோருக்கு 35,000. ஆல்பம் பிரிண்டுக்கு 18,000. எடிட்டிங், வண்டி, ஹார்ட் டிஸ்க் என 12,000. மிச்சம் 35,000. மொத்தத் தொகையில் பத்து சதவீதம் என்றால் கமிஷன் 10,000 ரூபாய். அதாவது கைக்கு வந்ததில் கால் பங்குக்கும் மேல் போய்விடுகிறது. மிச்சத்தில் பத்து சதவீதம் என்றால் 3,500தான். கேமராக் கடனுக்கான தவணையும், ஆயிரக்கணக்கான படங்களைச் சலித்தெடுக்கும் உழைப்பும் அந்த 35,000க்குள்தான் அடங்க வேண்டும். ஆகவே செலவு போக மீதியில் கணக்கிடுவதே சரி. அல்லது ஆர்டருக்கு இவ்வளவு என ஒரே தொகையாகப் பேசிவிடலாம். அதில் குழப்பமே இல்லை.

கமிஷனை முழுவதுமாக அட்வான்ஸிலிருந்தே எடுப்பதும் ஆபத்து. 2020 ஊரடங்கில் கல்யாணங்கள் தள்ளிப்போனது போல நடந்தால், குடும்பம் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கும்போது கொடுத்த கமிஷனைத் திரும்ப வாங்குவது கடினம். குடும்பம் தரத் தர, அதே விகிதத்தில் கமிஷனும் கொடுப்பது பாதுகாப்பு.

நோயாளியை அனுப்பி வைப்பதற்கு டாக்டர்கள் கமிஷன் வாங்கக் கூடாது என 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் தடுக்கின்றன. ஒளிப்படத் தொழிலுக்கு அப்படியொரு தடை இல்லை. ஆனால் குடும்பத்திடம் கட்டணம் வாங்கிக்கொண்டு அவர்கள் சார்பில் ஆட்களைப் பிடித்துத் தரும் திருமண ஏற்பாட்டாளரின் நிலை வேறு. அவர் அக்குடும்பத்தின் முகவர். முகவர் தன்னை நியமித்தவருக்குத் தெரியாமல் அதே காரியத்தில் தனக்கென ஆதாயம் பார்த்தால், அதை நியமித்தவர் கேட்டுப் பெற 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இடமளிக்கிறது. மறைத்து வாங்கும் கமிஷன் கடைசியில் பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் பில்லில்தான் ஏறும் என்பதால், வெளிப்படையாகச் சொல்லிவிடுவதே மரியாதை.

படங்களின் உரிமை தனி விஷயம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன ஒளிப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். நம்பர் கொடுத்தவர் கமிஷன் வாங்கிவிட்டதாலேயே அந்தப் படங்களைத் தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போட்டுக்கொள்ள முடியாது.

வாங்குபவருக்குக் கமிஷன் வருமானம், கொடுப்பவருக்குத் தொழில் செலவு. கையில் ரொக்கமாகக் கொடுத்தால் செலவுக்கு ஆதாரம் இருக்காது. வங்கி வழியாகவோ யுபிஐயிலோ அனுப்பி ஒரு ரசீது வாங்குவது நல்லது. கமிஷனைக் கொடுப்பவர் அதிலிருந்து பிடித்துக் கட்ட வேண்டிய வருமான வரி (டிடிஎஸ்) 2024 அக்டோபரிலிருந்து 5 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைந்தது. 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால்தான் பிடித்தம். அதுவும் பெரிய வரவுசெலவு உள்ளவர்களுக்கே பொருந்தும் என்பதால், தனி ஒளிப்படக்காரர்கள் பெரும்பாலோருக்கு இந்தக் கடமை வராது.

கல்யாணம் எடுத்த வீட்டிலிருந்தே பிறகு வளைகாப்பு, காதுகுத்து, தங்கை நிச்சயதார்த்தம் என ஆர்டர்கள் வரும். அவற்றுக்கும் கமிஷன் உண்டா? முன்கூட்டிப் பேசியிருந்தால் ஒழிய இல்லை என்பதே பொருத்தமான ஏற்பாடு. முதல் ஆர்டரை வாங்கித் தந்தது கைகாட்டியவர். அடுத்தவற்றை வாங்கித் தந்தது ஒளிப்படக்காரர் கொடுத்த ஆல்பம்.