இல்லத் தோட்டத்தில் ஆப்பிரிக்க டெய்சி

காவிரியும் கொள்ளிடமும் இருபுறமும் சூழ்ந்த திருவரங்கத் தீவில் மலர்த்தொண்டு மிகப் பழமையானது. தொண்டரடிப்பொடி ஆழ்வார் அங்கே நந்தவனம் அமைத்து, அரங்கனுக்கு மாலை தொடுத்துச் சாத்தினார். ஆற்றின் தென்கரையில், திருச்சிராப்பள்ளி மலைமேல் எழுந்தருளியிருக்கும் தாயுமானவருக்குச் செவ்வந்திநாதர் என்பதும் ஒரு திருப்பெயர். சாரமா முனிவர் செவ்வந்தித் தோட்டம் வளர்த்து, அம்மலர்களால் இறைவனை வழிபட்டார் எனத் தலபுராணம் கூறும்.

அச்செவ்வந்திக்கு ஆப்பிரிக்காவில் ஓர் உறவு உண்டு. அதுவே ஜெர்பரா என்னும் மலர். ஆப்பிரிக்க டெய்சி என்ற பெயர் வேறு சில செடிகளுக்கும் வழங்குமாயினும், நம் நாட்டார் நன்கு அறிந்தது இதுவே. சிவப்பு, மஞ்சள், வெண்மை, இளஞ்சிவப்பு எனப் பல நிறங்களில், இலையற்ற நீண்ட காம்பின் நுனியில் இம்மலர் தனித்து நிற்கும்.

ஜெர்பராவை நாம் ஒரு பூ என்கிறோம். உண்மையில் அது பல பூக்களின் கூட்டம். சுற்றிலும் இதழ் போலத் தோன்றும் ஒவ்வொன்றும் ஒரு தனிப் பூ. நடுவிலுள்ள வட்டில் சிறு சிறு பூக்கள் நெருங்கி அமைந்துள்ளன. செவ்வந்தி, சூரியகாந்தி, செண்டுப்பூ ஆகியவற்றின் அமைப்பும் இத்தகையதே. ஆதலின் தாவர நூலார் இவையனைத்தையும் ஒரே குடும்பத்தில் சேர்த்துள்ளனர்.

நாற்றுப் பண்ணையில் பூத்துக் குலுங்கும் இச்செடியை ஆசையோடு வாங்கி வருவோர் பலர். ஆனால், சில வாரங்களிலேயே அது வாடி மடிவதுண்டு. நாள் தவறாமல் நீர் ஊற்றியும் செடி ஏன் மடிகிறது? இதற்கு விடை காண அதன் பிறந்தகத்தை நாம் அறிதல் வேண்டும்.

தென்னாப்பிரிக்காவில் பார்பர்ட்டன் என்னும் ஊர் உள்ளது. அதனைச் சூழ்ந்த குன்றுச் சரிவுகளில் இச்செடி இயற்கையாக வளர்கிறது. இதனைத் திரட்டிய ஜேம்சன் என்பாரின் பெயர் இவ்வினத்திற்குச் சூட்டப்பட்டு, 1889ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இதன் விளக்கம் வெளியாயிற்று. ஜெர்பரா என்னும் பெயரோ கெர்பர் என்ற ஜெர்மானியத் தாவர அறிஞரை நினைவூட்டுவது. அச்சரிவுகளின் மண் மணலும் கல்லும் கலந்தது. பெய்த மழை அங்கே தேங்காமல் வடிந்துவிடும். ஆகவே, இச்செடியின் வேர் ஈரத்தை விரும்பும். தேங்கும் நீரைப் பொறாது.

காவிரி கொணர்ந்த வண்டல் நெல்லுக்கு உகந்தது. நீரை நெடுநேரம் தன்னுள் நிறுத்துவது. அம்மண்ணை மட்டும் தொட்டியில் இட்டு ஜெர்பராவை நட்டால் வேர் மூச்சுவிட இயலாமல் அழுகும். அழுகிய வேர் நீரை உறிஞ்சாது, இலை தளரும். அதனைத் தாகம் என்று எண்ணி நாம் மேலும் நீர் ஊற்றுவோம். இவ்வாறு நம் அன்பே செடிக்குப் பகையாகிவிடும்.

ஆதலின், செம்மண், ஆற்று மணல், மக்கிய தொழு உரம் ஆகியவற்றைச் சம அளவாகக் கலந்து தொட்டியை நிரப்புக. அடியில் துளை இருத்தல் இன்றியமையாதது. இலைகள் ஒன்றுகூடி முளைக்கும் குருத்துப் பகுதி மண்ணில் புதையாமல், சற்று மேலே நிற்குமாறு நடுக. மேல்மண் உலர்ந்ததை விரலால் தொட்டறிந்த பின்னரே, காலை வேளையில், குருத்தில் படாமல் ஓரமாக நீர் ஊற்றுக. காலை வெயில் இதற்கு நல்லது. உச்சி வெயில் ஆகாது. இலையின் அடிப்புறத்தில் வெள்ளை ஈயோ சிலந்திப்பேனோ காணப்படின் வேப்பெண்ணெய்க் கரைசலைத் தெளிக்கலாம். மலரைக் கொய்யும்போது காம்பைப் பாதியில் வெட்டாமல், அடியோடு மெல்லத் திருகி எடுத்தல் நன்று. எஞ்சிய காம்பு அழுகினால் குருத்துக்கும் கேடு நேரும்.

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழி பிறக்கும் பருவமே நடுவதற்கு ஏற்றது. இளங்கன்று நட்ட ஏறக்குறைய இரண்டு திங்களில் மலரத் தொடங்கும். கோடையில் திருச்சிராப்பள்ளியின் வெப்பம் 40 பாகை செல்சியசை எட்டும் நாள்கள் உண்டு. அக்காலத்தில் மிகுதியான பூக்களை எதிர்பார்த்தல் கூடாது. செடியை நிழலில் வைத்துக் காப்பதே போதும். ஓசூர், நீலகிரி போன்ற குளிர்ந்த பகுதிகளில் உழவர்கள் இதனைப் பசுமைக் குடில்களில் வணிகத்திற்காக வளர்ப்பதன் காரணமும் இதுவே. நன்கு செழித்த செடியின் பக்கக் கன்றுகளைப் பிரித்து நட்டுப் பெருக்கலாம். அண்டை வீட்டாருக்கும் அளிக்கலாம்.

இன்று நாம் நம்முடையவை எனக் கருதும் மலர்கள் சிலவும் வெளிநாட்டிலிருந்து வந்தவையே. தோட்டச் செவ்வந்தியின் தாயகம் சீனம்; செண்டுப்பூவின் தாயகம் மெக்சிக்கோ. அவற்றின் இயல்பறிந்து பேணியமையால் அவை நம்மோடு ஒன்றிவிட்டன. விருந்தினரின் விருப்பமறிந்து உபசரிப்பதே விருந்தோம்பல். செடி வளர்ப்பிலும் அன்பு மட்டும் போதாது. அறிவும் உடன் வேண்டும். அவ்வறிவோடு பேணினால், தென்னாப்பிரிக்கக் குன்றில் பிறந்த மலர் காவிரிக்கரை இல்லத்தின் முற்றத்திலும் இனிது மலரும்.