பட்டம் உண்டு, சங்கம் எங்கே?

படிப்பும் பிழைப்பும் – 14

திருவாலங்காடு ஒன்றியத்தில் மனையியல் படித்து முடித்த ஒரு பெண்ணுக்கு வேலைக்கு வழியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அங்கன்வாடிகளை நடத்தும் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலகம் இருக்கிறது. திரூரில் உள்ளது போன்ற வேளாண் அறிவியல் நிலையங்களில் மனையியல் வல்லுநருக்கு இடம் உண்டு. திருவள்ளூருக்கோ அரக்கோணத்துக்கோ ரயிலேறினால் மருத்துவமனைகள், பள்ளிகள், இன்னும் சற்றுத் தள்ளி உணவுத் தொழிற்சாலைகள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரே பட்டம் பெற்ற ஐந்து பேர் ஐந்து துறைகளின் கீழ் ஐந்து பதவிப் பெயர்களோடு வேலை பார்ப்பார்கள். ஒருவரை ஒருவர் அறிய மாட்டார்கள். வக்கீலுக்கு நீதிமன்றமும் மருத்துவருக்கு மருத்துவமனையும் சக தொழிலாளரைத் தாமாகவே கொண்டுவந்து சேர்க்கின்றன. மனையியலாருக்கு அப்படி ஒரு பொதுக்கூரை கிடையாது. ஆகவே மற்றத் தொழில்களுக்குச் சங்கம் கூடுதல் வசதி என்றால், இந்தத் தொழிலுக்கு அதுவே அடித்தளம் என்பது என் வாதம்.

அமெரிக்காவில் மனைப் பொருளியல் என்று பெயர் பெற்ற இதே துறையின் வரலாறு இதற்குச் சான்று. எம்.ஐ.டி.யில் சேர்க்கப்பட்ட முதல் பெண்ணான வேதியியலாளர் எலன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸும் அவருடைய கூட்டாளிகளும் 1899இல் லேக் பிளாசிட் என்னும் ஊரில் தொடங்கி ஆண்டுதோறும் கூடினார்கள். எதைக் கற்பிப்பது, யாருக்குக் கற்பிப்பது, படித்தவர் என்ன வேலை செய்வது என்றெல்லாம் விவாதித்தார்கள். அந்தக் கூட்டங்களிலிருந்து 1908 இறுதியில் அமெரிக்க மனைப் பொருளியல் சங்கம் பிறந்தது. ரிச்சர்ட்ஸ் அதன் முதல் தலைவர். கிராம விரிவாக்கப் பணிக்கு மத்திய நிதி தந்த சட்டம் 1914இல் வந்தது. பள்ளிகளில் மனைப் பொருளியல் கற்பிக்க நிதி தந்த சட்டம் 1917இல் வந்தது. இரண்டும் சங்கத்துக்குப் பிந்தியவை. அரசு கைநீட்டியபோது, பேச ஒரு வாய் ஏற்கெனவே இருந்தது.

நம்மிடம் கல்வி நிறுவனங்களுக்குக் குறைவில்லை. கோவையில் அவினாசிலிங்கம் செட்டியார் 1957இல் தொடங்கிய மனையியல் கல்லூரி, ராஜம்மாள் தேவதாஸின் தலைமையில் வளர்ந்து 1988இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. மதுரையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மனையியல் கல்லூரி இருக்கிறது. அதன் பெயர் இப்போது சமுதாய அறிவியல் கல்லூரி. பெயர்கள் இப்படி மாறும்போதுதான் சங்கத்தின் தேவை உறைக்கிறது. வேலை விளம்பரம் ஒரு பட்டப் பெயரைக் கேட்கும்; சான்றிதழ் வேறொன்றைச் சொல்லும். இரண்டும் இணையானவை என்று அரசாணை பெற, தனியொரு பட்டதாரி எத்தனை மேசைகளுக்கு மனுவோடு அலைவார்? ஆயிரம் பேர் கையெழுத்திட்ட ஒரே மனுவுக்கு இருக்கும் எடை வேறு. இதே குடும்பத்தின் ஒரு கிளையான உணவியல் இதை முன்பே உணர்ந்தது. 1963இல் அமைந்த இந்திய உணவியல் சங்கம் பதிவுபெற்ற உணவியலாளர் தேர்வை நடத்தி, அந்தத் தகுதிக்கு மருத்துவமனைகளில் மதிப்பை உண்டாக்கியது. இந்திய மனையியல் சங்கமும் பழையதுதான். ஆனால் தொழிலுக்குள் நுழையும் வாசலில் அப்படி ஒரு தேர்வை அது நிறுத்தவில்லை.

மறுப்புகள் உண்டு. 2021ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்த பிறகு சங்கம் எதற்கு என்பார்கள். அந்தச் சட்டம் உணவியலாரையும் ஊட்டச்சத்து வல்லுநரையும் சேர்த்துக்கொண்டது. மனையியலின் மற்றக் கிளைகளான ஆடையியல், வள மேலாண்மை, விரிவாக்கம் படித்தவர்கள் வெளியேதான் நிற்கிறார்கள். தவிர, அந்தச் சட்டத்தின் கீழ் வரும் பதிவேடு பொதுமக்களைப் போலிகளிடமிருந்து காக்கலாம். ஊதியத்துக்காகவும் பதவி உயர்வுக்காகவும் அது பேசாது. அம்மா கற்றுத்தருவதற்குப் பட்டம் எதற்கு என்பது இன்னொரு கேள்வி. 1956 முதல் மதிய உணவும் 1982 முதல் சத்துணவும் கண்ட இந்த மாநிலத்தில், 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை. வயிறு நிறைவது ஒன்று, சத்துச் சேர்வது வேறொன்று. அந்த இடைவெளியை அடைப்பது கைப்பக்குவத்தால் மட்டும் ஆகாது.

வலுவான மறுப்பு மூன்றாவது: சந்தா கட்டினால் ஒரு சான்றிதழும் பெருநகரில் ஆங்கிலத்தில் நடக்கும் மாநாடும்தான் மிச்சம், திருவாலங்காட்டுக்காரிக்கு என்ன லாபம்? இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இது இப்போது சங்கங்கள் நடக்கும் விதத்தின் மீதான புகார். சங்கம் வேண்டாம் என்பதற்கு ஆதாரமாகாது. திருவள்ளூர் மாவட்டத்துக்கு ஒரு கிளை, தமிழில் நடக்கும் கூட்டம், தொடக்க ஆண்டுகளில் குறைந்த சந்தா, காலிப் பணியிடங்களை உறுப்பினருக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு: இவற்றைக் கேட்கும் உரிமை உறுப்பினருக்குத்தான் உண்டு. வெளியே நிற்பவர் விமர்சிக்கலாம். பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவர முடியாது. அங்கன்வாடியிலும் மருத்துவமனையிலும் பள்ளியிலும் சிதறிக் கிடக்கும் அந்த ஐந்து பேர் சேர்ந்தாலே கிளைக்கான கோரிக்கையை எழுப்பலாம்.

(தொடரும்)