டோடோவைக் காலால் தேடியவர்கள்

குருவி வெடி பாக்கெட்டில் இருக்கிற படத்தை மட்டும் வைத்துக்கொண்டு நிஜக் குருவியின் எலும்புக்கூட்டை அடுக்க முடியுமா? சிவகாசிப் பக்கத்து ஆட்கள் சிரிப்பீர்கள். ஆனால் டோடோ விஷயத்தில் கிட்டத்தட்ட அதுதான் நடந்தது.

மொரீஷியஸ் தீவில் மட்டுமே வாழ்ந்த டோடோ 17-ஆம் நூற்றாண்டிலேயே அழிந்துபோனது. மிஞ்சியவை சில ஓவியங்களும், ஆக்ஸ்போர்டில் ஒரு தலை, ஒரு கால் மாதிரியான துண்டுகளும்தான். கழுகு இனம், தீக்கோழி இனம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். 1848-ல் ஸ்ட்ரிக்லாண்டும் மெல்வில்லும் அந்தத் தலையையும் காலையும் ஆராய்ந்து, இது புறா என்று எழுதினார்கள். அலகின் நுனி மட்டும் கொம்பு மாதிரி கெட்டி, மற்ற இடமெல்லாம் மெல்லிய தோல். புறாவுக்கும் அப்படித்தான்.

முழு எலும்புக்கூடு வேண்டுமே? 1865-ல் மொரீஷியஸ் பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் கிளார்க், மார் ஓ சோங்ஜ் என்ற சதுப்பில் தேடினார். சுமார் மூன்றடி ஆழத் தண்ணீரில் ஆட்களை இறக்கி, வெறுங்காலால் சேற்றைத் துழாவச் சொன்னார். கால் எலும்புகள் கிடைத்தன. இறங்கியவர்களுக்கு அவர் குறிப்பில் ஒரே பெயர்தான்: கூலிகள். நம்ம தமிழ்ச் சொல்லிலிருந்து வந்தது என்றும் சொல்வார்கள்! அந்தக் காலத்தில் அங்கே கூலிகள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து ஒப்பந்தத்தில் போனவர்கள். மதராஸிலிருந்து கப்பலேறிய தமிழர்களும் அதில் உண்டு. புத்தகங்களில் கண்டுபிடித்தவர் கிளார்க். என்னைக் கேட்டால், சேற்றுக்குள் தட்டுவது வேரா, கல்லா, எலும்பா என்று முதலில் பிரித்தறிந்தது அந்தப் பாதங்கள்தான்.

எலும்புகள் லண்டனுக்கு, ரிச்சர்ட் ஓவனிடம் போயின. பறக்காத பறவை என்பதை எலும்பே சொல்லிவிடும். கோழியின் நெஞ்செலும்பில் நடுவே கத்தி மாதிரி நிற்கும் தகடு தெரியும் இல்லையா? பறக்கும் தசை அதில்தான் ஒட்டும். டோடோவுக்கு உடம்பு பெரிது, அந்தத் தகடு சிறிது. சிறகு எலும்பும் சின்னது, கால் எலும்பு மட்டும் தடி தடியாக.

இவ்வளவு கையில் இருந்தும் ஓவன் 1866-ல் என்ன செய்தார் தெரியுமா? ரோலன்ட் சாவேரி வரைந்த குண்டு டோடோ ஓவியத்தின் கோட்டுக்குள் எலும்புகளை அடுக்கினார். பறவை குந்தி உட்கார்ந்த மாதிரி வந்தது. சில வருஷத்தில் அவரே அதை நிமிர்த்தினார்.

புறா என்பதை 2002-ல் மரபணுவும் உறுதிசெய்தது. இன்று உயிரோடு இருக்கும் பறவைகளில் டோடோவுக்கு மிக நெருங்கிய சொந்தம் நிக்கோபார் புறா. பச்சைப் பளபளப்பு, வெள்ளை வால். நம்ம நிக்கோபார் தீவுகளில் இன்னும் பறக்கிறது.